புண் ஆறிப்போச்சு, அப்புறம் என்ன?

பால்வினை நோய்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுப்பவருக்கு முதல் தகுதி தடித்த தோல். அறிவெல்லாம் அதற்குப் பிறகுதான். அரசு மருத்துவமனை ஆலோசகராக ஒன்பது வருடமாகப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சுற்றுகிறேன். அந்தச் சொல்லைச் சொன்னதும் நாற்பது தலைகள் ஒன்றாகக் குனிவதைப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பேனர்

பொன்னமராவதிப் பக்கம் ஒரு கல்லூரி. வாசலில் 'டெங்கு கொசு ஒழிப்பு முகாம்' என்று பெரிய பேனர். நாள் மாறி வந்துவிட்டேனோ என்று பயந்துபோய், ஏற்பாடு செய்த பேராசிரியரைக் கேட்டேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "உங்க தலைப்பைப் போட்டா பெத்தவங்க சண்டைக்கு வந்துருவாங்க மேடம். அதுவும் பரவுறது, இதுவும் பரவுறது. நீங்க உள்ள போயி உங்க பாட்டுக்குப் பேசுங்க."

ஆலம்

ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூன்று பேரோடு கலந்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். சிலரை மட்டும் டம்ளரை மூடியே வைத்திருக்கச் சொன்னேன். கடைசியில் எல்லாவற்றிலும் மஞ்சள்தூள் போட்டால், ஏகப்பட்ட டம்ளர் சிவந்துவிட்டது. மூடியிருந்தவை மஞ்சளாகவே இருந்தன. ஆளைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, ஆணுறைதான் அந்த மூடி என்றேன். முன்பெஞ்சு மாணவி தன் சிவந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். "கல்யாணம் முடிஞ்சு சுத்துற ஆலத்தை முன்கூட்டியே கரைச்சுட்டீங்களே மேடம்!"

சீட்டு

எல்லாரும் பெயரில்லாமல் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் மத்தியானம் சாப்பிட்டதை எழுதலாம். எல்லார் பேனாவும் ஓடினால்தான் கேட்டவர் யாரென்று தெரியாது. புளிச்சோறு, லெமன் சாதம் என்று படித்துக்கொண்டே வந்தவள் ஒரு சீட்டை இரண்டு முறை படித்தேன். 'கீழே புண் வந்தது. வலிக்கவே இல்லை. தானாக ஆறிப்போச்சு. அப்புறம் என்ன?'

சிஃபிலிஸாக இருக்கலாம் என்றேன். புண் ஆறும், கிருமி உள்ளேயே இருக்கும். விட்டால் பல வருடம் கழித்து மூளையையும் இதயத்தையும் கெடுக்கும். ஆரம்பத்திலேயே வந்தால் ஊசியில் குணமாகும். கூடப் பழகியவரும் வர வேண்டும். போர்டில் ஆஸ்பத்திரியில் என் அறை எண்ணை எழுதிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "லெமன் சாதத்துக்குப் பதிலே சொல்லலையே மேடம்!"

ஃப்ரெண்ட்

மூன்று வாரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நான்காவது வாரம் ஒரு மாணவன் வந்து, ஃப்ரெண்டுக்காகக் கேட்க வந்ததாகச் சொன்னான். "ரத்தம் எடுக்கணும், ஃப்ரெண்டை வரச் சொல்லுங்க தம்பி" என்றேன். அவன் சட்டைக் கையை மடித்து நீட்டினான். நோய் இருந்தது. அன்றைக்கே டாக்டர் ஊசி போட்டார். அதுவரை கல்லாக இருந்தவன், கூடப் பழகிய பெண்ணிடமும் சொல்ல வேண்டும் என்றதும் அழுதுவிட்டான். "ஊசி எத்தனை வேணாலும் போடுங்க மேடம். அவகிட்ட நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அவள்

அடுத்த வாரம் இருவரும் வந்து பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். அவளுக்கும் இருந்தது, அவளுக்கும் ஊசி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன்மேல் கோபமா என்று கேட்டேன். "கோவம் இல்லாம இருக்குமா மேடம்? சொல்லாமயே மறைச்சிருக்கலாம், சொன்னான். அதுக்காகத்தான் இங்கிட்டு வந்தேன். மத்ததை வெளிய போயி வச்சுக்கிறேன்."

கிருமிக்கு ஊசி கண்டுபிடித்துவிட்டார்கள். வெட்கத்துக்கு இன்னும் வரவில்லை என்பதால்தான் நானும் என்னைப் போன்ற ஆலோசகர்களும் கல்லூரி கல்லூரியாகப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறோம்.