அணைத்த பிறகும் மினுங்கிய பல்பு

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு சரி. அதற்குப் பிறகு அதை யாரும் உபயோகித்ததாகத் தகவல் இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர், சட்டைப் பையில் ஒன்று, பெல்ட்டில் ஒன்று, காலுறைக்குள் ஒன்று என மூன்று வைத்திருப்பார். நாலாவது ஒன்று தலையணைக்கு அடியில் இருப்பதாக அவர் மனைவி சொல்லுவாள். பக்கத்தில் படுப்பவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும்!

மூன்று வைத்திருந்தது போதாதென்று மூன்று தடவை வைத்தும் பார்ப்பார். முதலில், மின்சாரம் நிச்சயமாக இருக்கிற இடத்தில். குட்டி விளக்கு எரிந்தால் டெஸ்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, தொடப்போகிற கம்பியில். பிறகு மறுபடியும் முதல் இடத்தில், நடுவழியில் டெஸ்டர் செத்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ள. அவர் கை வைப்பதற்குள் வீட்டுக்காரர்கள் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஒரு வீட்டுக்குக் காலிங் பெல் மாட்டப் போனவர் மாட்டி முடிப்பதற்குள் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது என்று சொல்வார்கள். பிள்ளை பிறந்தது கட்டுக்கதை. கல்யாணம் நடந்தது நிஜம்.

"என்ன டெஸ்டரண்ணே, டீயிலயும் வெச்சுப் பார்த்துட்டீங்களா?" என்று டீக்கடையில் சீண்டுவார்கள்.

"பார்த்தேன் தம்பி. இந்த டீயில உயிரே இல்லை" என்பார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்கு இருண்டதெல்லாம் கரண்ட். ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் சொருகி வைத்திருக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள்ளாக ஆக்கிக்கொண்டவர்களைக் கண்டால், "அந்த முள்ளு உங்க உசுருங்க, அதையா ஒடைச்சீங்க?" என்று கண் கலங்குவார். இவ்வளவு பயந்தவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று ஊர் சிரித்தது. தொழிலுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

டெஸ்டருக்குச் சிவப்பு தெரியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் அவருக்கு ஒன்றுதான். கல்யாணமான முதல் மாதம் பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னாள் மனைவி. பச்சைக் காயாக ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

"வேணும்னே பண்றீங்களா?"

"நல்லாப் பார்த்துத்தான் பொறுக்கினேன்" என்றார், பரிதாபமாக.

அவள் கெட்டிக்காரி. அடுத்து இரண்டு நூல்கண்டுகளை நீட்டினாள், ஒரு ஜாக்கெட் துணியை நீட்டினாள். கால் மணியில் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து அவர் வாங்கிவரும் கம்பிச் சுருள்களின் நுனியில் அவள்தான் முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள்: சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு.

அவருடைய தொழிலில் அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவேதான் உயிர் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுவருவது சிவப்பு. வந்ததைத் திருப்பி அனுப்புவது கறுப்பு. சுவிட்ச் சிவப்பில்தான் இருக்க வேண்டும். கறுப்பில் வைத்தாலும் பல்பு எரியும், அணையும், யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் பல்பு மாட்டும் ஹோல்டர் வரைக்கும் மின்சாரம் வந்து காத்துக்கொண்டிருக்கும். வாசலைத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைக் கதவை மட்டும் பூட்டின கதை.

இது கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு ஓர் அறையின் மூலம் புரிந்திருந்தது. சுவரும் கூரையும் உள்ள அறை இல்லை, கன்னத்தில் விழுந்தது. வேலை கற்ற புதிதில் தனியாக நாலு வீடுகளுக்கு வயரிங் செய்தார். ஐந்தாவது வீட்டில் கான்ட்ராக்டர் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியக் கூடாத இடத்தில் எரிந்தது. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? செவப்பு எது, கறுப்பு எதுன்னு தெரியாதா?" என்று விட்டார் ஒன்று. தெரியாது என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே முதல் டெஸ்டரை வாங்கினார்.

அப்படியானால் முடிந்துபோன அந்த நாலு வீடுகள்? அவை பகல் வெளிச்சத்தில் செய்தவை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நன்றாகத்தானே எரிகின்றன என்றும் சொல்லிக்கொண்டார். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நாலில் முதல் வீடு, அவருடைய அக்காவின் வீடு.

ஊரெல்லாம் மூன்று தடவை சோதித்தவர், அக்கா வீட்டில் ஒரு தடவைகூட டெஸ்டரை வெளியே எடுத்ததில்லை. அங்கே எந்த வேலையானாலும் முதலில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மெயினை இழுத்துவிடுவார். அது பழைய இரும்புப் பெட்டி. கைப்பிடியைக் கீழே இழுத்தால் இரண்டு கம்பியையும் ஒருசேர வெட்டிவிடும். "ஒரு பல்பு மாட்டறதுக்கு வீட்டையே இருட்டாக்குறியேடா" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். சோதித்தால் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் முப்பது வருஷமும் சேர்ந்து தெரிந்துபோகும். அந்தப் பயத்துக்கு மெயினை இழுப்பது சுலபமாக இருந்தது.

அண்மையில் கரண்ட் பில்லைப் பார்த்து அக்கா புலம்பியதில், குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புது எல்இடி பல்புகளை மாட்டிக்கொடுத்தார். அறுபது வாட் தின்ற இடத்தில் ஒன்பது வாட். வழக்கம்போல மெயினை இழுத்து, மாட்டி, மறுபடி மெயினைப் போட்டு, எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அணைக்கும் வேலையை அக்காவிடம் விட்டுவிட்டுப் பகலிலேயே கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை. டெஸ்டர் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு திருகாணி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"டேய், நீ மாட்டின பல்பு செத்தும் சாகாமக் கிடக்குடா" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "உங்க மாமா படுத்திருந்த ரூம்ல. சுவிட்சை அணைச்சாலும் லேசா மினுக்குது. ஜன்னலைச் சாத்தினா நல்லாத் தெரியுது. நேத்துலேர்ந்து நான் அந்தப் பக்கமே போகலை."

"ம்" என்றார், திருகாணிகளோடு.

"அவருதானோடா? கடைசிக் காலத்துல லைட்டை அணைக்காதே, அணைக்காதேன்னு சொல்லிட்டே இருந்தாரே."

"ம்ஹும்."

"அப்போ அழுக்கா இருக்குமோ? பல்பைக் கழட்டி ஹோல்டர் வாயைத் துடைச்சுப் பார்க்கட்டுமா?"

"சரிக்கா, சரிக்கா. சுவிட்சை அணைச்சுட்டுப் பண்ணு" என்றார். திருகாணி ஒன்று வாயிலிருந்து விழுந்தது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

இரண்டாவது திருகாணியை முடுக்கும்போதுதான் அந்தப் பேச்சு அவர் காதிலிருந்து மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அணைத்தாலும் மினுக்குகிறது. குண்டு பல்பு எரிய வண்டி வண்டியாக மின்சாரம் வேண்டும். எல்இடிக்கு ஒரு துளி கசிந்தால் போதும், கண்ணைத் திறந்து பார்க்கும். அப்படிக் கசிவது எதனால்? சுவிட்ச் கறுப்பில் இருப்பதால். முப்பது வருஷமாகக் குண்டு பல்புகள் கட்டிக்காத்த ரகசியத்தை ஒன்பது வாட் பல்பு ஒரே வாரத்தில் போட்டு உடைத்துவிட்டது.

அக்காவை அவருக்குத் தெரியும். இரும்பு ஸ்டூலில்தான் ஏறுவாள். காலையில் தரையைக் கழுவிவிட்டிருப்பாள், வெறுங்கால். அவள் அகராதியில் துடைப்பது என்றால் ஈரத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் விடுவது.

போனைப் போட்டார். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"டெஸ்டரண்ணே, ஃபேன் ஒரு பக்கமாத் தொங்குதே!" என்று அந்த வீட்டுக்காரர் கத்தியது காதில் விழவில்லை. ஏணியில் எத்தனை படி இருந்ததோ, அவர் கால் பட்டது இரண்டில்தான்.

ஸ்கூட்டர் நாலு தெருவைத் தாண்டி சிக்னலில் மாட்டிக்கொண்டது. மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ, அவ்வளவுதான் அவருக்குச் சிக்னல். வெயில் கண்ணாடியில் பட்டு மூன்றும் எரிவதுபோலவே இருந்தது. முன்னால் நின்ற லாரி நகரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஈரவிரல் மேலே போவது தெரிந்தது. "எடுக்கா, எடுக்கா" என்று அவர் முனகியதைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரர் ஏதோ கடன்காரன் தொல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. போன் கூடத்து மேஜையில் தானாக நகர்ந்து நகர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. உள் அறை வாசலிலிருந்து பார்த்தார். அக்கா ஸ்டூல் மேல் முதுகைக் காட்டி நின்றாள். கழற்றிய பல்பு இடுப்பில் சொருகியிருந்தது. ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. மற்றொரு கை, ஈரத் துணி சுற்றிய விரலோடு, ஹோல்டருக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது. துணியிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர்.

கத்த வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கத்தினால் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் கை எங்கே போகுமோ! பூனைபோலப் பின்னால் நகர்ந்து, மாடிப்படிக்கு அடியில் குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, இரும்புப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கினார். கூடத்து ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. அதற்கப்புறம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஒரு யுகம் போல இருந்தது.

"எவன்டா அவன் மெயினைப் புடுங்கினது?" என்றாள் அக்கா.

டெஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் பெல்ட்டிலிருந்த டெஸ்டர் கழன்று உருண்டது.

அக்கா டார்ச் லைட்டோடு வந்தாள். "ஏன்டா வேர்த்துக் கொட்டுது? இங்க என்ன பண்றே?"

"எலி…" என்று ஆரம்பித்தார். "எலி கம்பியைக் கடிச்சு…" முடிக்க வரவில்லை. பெட்டியிலிருந்து வீட்டுக்குள் கிளம்பும் இரண்டு கம்பிகளைக் காட்டினார். "அக்கா, இதுல எது சிவப்பு?"

"இது என்னடா கேள்வி? இடது பக்கம் இருக்கிறது."

மின்சாரம் வரும் முனை வலது பக்கம், சிவப்பு அங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டே திருகாணி. கழற்றி, இடம் மாற்றி, முடுக்கினார். முப்பது வருஷத் தப்பு பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அது ஏனோ அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்து, அந்த வீட்டில் முதல்முறையாக ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். மூன்று தடவை. நடுவில் வைத்தது எரியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பை, கன்னத்தில் விழுந்த அறையை, மெயினை இழுத்த காரணத்தை.

அக்கா விரலில் சுற்றிய துணியை மெதுவாகப் பிரித்தாள்.

"வாராவாரம் துடைச்சிருக்கேன்டா" என்றாள். "குண்டு பல்புல கண்ணாடியை மட்டும்தான் துடைப்பேன். வாயில கை வெச்சதில்லை." சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, "பாவம் அந்த மனுஷன். நேத்துலேர்ந்து 'போய்யா, ஏன்யா பயமுறுத்தறே'ன்னு திட்டித் தீர்த்துட்டேன். செத்தும் அவருக்கு என்கிட்டே நிம்மதி இல்லை" என்றாள்.

டெஸ்டர் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த வருஷம் இன்னும் மூணு வீடு பண்ணினேன். எனக்கு மதியச் சாப்பாடு நீதானே கொண்டுவருவே. எந்தெந்த வீடுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"மூணும் எனக்கு ஞாபகம் இருக்கு. யோசிச்சுட்டு உட்காரவா நேரம்? எழுந்திரு" என்று அக்கா செருப்பைத் தேடினாள். "ஊரே எல்இடி மாத்திக்கிட்டிருக்கு. அங்கயும் எவளாவது துணியை நனைச்சிருப்பா."

முதலில் போனது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் தையல்காரம்மாவின் வீடு. மெஷினுக்கு மேலே கயிற்றில் தொங்குவதுபோல ஒரு பழைய குண்டு பல்பு. மினுங்கிக் காட்டிக்கொடுக்க அங்கே எதுவுமில்லை.

"நாங்க கூப்பிடலையே" என்றார் தையல்காரம்மா, மிதியிலிருந்து காலை எடுக்காமல்.

டெஸ்டர் வாசலிலேயே நின்றார். அக்கா அவர் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

"எனக்குச் சிவப்பும் கறுப்பும் தெரியாதும்மா" என்றார். மனைவியையும் அக்காவையும் தவிர இன்னொருவரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. "இந்த வீட்டு வயரிங் நான் பண்ணினது. தப்பாப் பண்ணியிருக்கலாம். பார்த்துடறேன்."

மெஷின் நின்றது. தையல்காரம்மா தலைக்கு மேலிருந்த பல்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஊசியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா…" என்றார்.

டெஸ்டர் சுவிட்சை அணைத்தார். துணியால் பிடித்துப் பல்பைக் கழற்றினார். பிளக் பாயிண்டில் ஒரு தடவை டெஸ்டரை வைத்தார், எரிந்தது. ஹோல்டரில் வைத்தார்.

எரிந்தது.

மூன்றாவது தடவை வைக்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் வைத்தார். "அக்கா, மெயின்" என்றார், கையை நகர்த்தாமல்.

அக்கா அவர் சொல்வதற்கு முன்பே மெயின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். கைப்பிடி இறங்கிய சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன.