இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே பெயர்

என் அண்ணன் வீட்டுப் பிளான் வரைபவர். பதினேழு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. ஊரில் 'பிளான்காரர்' என்றால்தான் தெரியும். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்ட பிறகு, அவர் வரைந்ததைப் பிரிண்ட் எடுத்து மடித்து உறையில் போடுவது என் வேலையானது. என் மேசை அவருக்குப் பின்னால் இருப்பதால், முகத்தைவிட அவர் பிடரிதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய பிழைப்பு பழைய வீடுகளில்தான் இருந்தது. வீடு கட்டியவர்கள் பத்து வருடம் கழித்து மாடி எடுக்க வருவார்கள். அண்ணன் பழைய பிளானைத் திறந்து, அதன்மேல் மாடியை வரைந்து, மறுநாளே கொடுத்துவிடுவார். ஆயிரத்து நானூறு வீடுகளும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. காகிதப் பிரதிகளைக் கரையான் அரித்தபோது மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்.

போன மாதம் அந்த டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு பிளான் திறக்க ஐந்து நிமிடம் ஆனது.

"புதுசா கடிகாரம் வாங்கியிருக்கீங்களா?" டீ கொண்டுவந்த அண்ணி கேட்டாள்.

"சாகப்போகுது."

"யாரு?"

"டிஸ்க்குடி. போய் வேலையப் பாரு."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இந்த மனுஷன் மூஞ்சி இப்படி ஆகல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அதே அளவில் புதிய டிஸ்க் வந்தது. பழைய டிஸ்க்கின் பெயர் 'வீடுகள்'. பெயர் மாறினால் பிளானில் உள்ள கதவு, ஜன்னல் படங்கள் காணாமல் போகும் என்பது அண்ணனின் அனுபவம். அதனால் புதியதற்கும் முன்கூட்டியே 'வீடுகள்' என்று பெயர் வைத்தார். பிறகு ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றின் மேல் எழுதும் புரோகிராமைத் திறந்தார். திரையில் இடப்பக்கம் ஒரு 'வீடுகள்', வலப்பக்கம் ஒரு 'வீடுகள்', நடுவில் ஓர் அம்பு. இடப்பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் 'காலி' என்று இருந்தது. அம்பு அங்கிருந்துதான் கிளம்பியது. அண்ணனுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் பட்டனை அழுத்தினார்.

நாலு மணி நேரம் காட்டியது. சாப்பிடப் போனோம். பல நாளுக்குப் பிறகு அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஊமைக்கோட்டானுக்கு மட்டும் ஏன் தொண்டையில எறங்கல?" என்றாள் அண்ணி.

"பசியில்ல அண்ணி" என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது 'முடிந்தது' என்று இருந்தது. அண்ணன் புதியதைத் திறந்தார். காலி. பழையதைத் திறந்தார். அதுவும் காலி. மூடி மூடித் திறந்து பார்த்தார்.

டேட்டா மீட்டுத் தரும் கடைக்காரர் பழைய டிஸ்க்கை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கெட்டுப்போன டிஸ்க்னா ஏதாவது தேத்தியிருப்பேன் சார். நீங்க மேல எழுதிட்டீங்களே. துடைச்ச சிலேட்டுல என்னத்தப் படிக்கிறது?"

அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். அண்ணியிடம், "எல்லாம் போச்சு" என்றார். கரண்ட் போய்விட்டது என்பதுபோல. மறுநாளிலிருந்து பத்து மணிக்கு வந்து, அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தார். நான் ஏற்கெனவே மடித்த தாள்களைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

மூன்றாம் நாள் சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு அம்பு தப்பா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

அவர் திரும்பவில்லை. "நானும்தான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் அமுக்கினேன், மண்டையில ஏறல."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அடுத்த வாரம் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். பதினொரு வருடத்துக்கு முன் அண்ணன் பிளானில் வீடு கட்டியவர்.

"மாடி எடுக்கணும்ணே. நாளைக்குக் குடுத்துடுவீங்கல்ல?"

"பிளான் இல்லீங்க. அழிஞ்சுபோச்சு. உங்ககிட்ட பிரிண்ட் இருக்கா?"

"அத என் பொண்டாட்டி பாத்திர அலமாரியில விரிச்சுட்டா. அது கிழிஞ்சும் போச்சுங்க."

"அப்ப வேற ஆளப் பாருங்க."

டிரைவர் நகரவில்லை. "வீடு அங்கயேதாண்ணே இருக்கு. வந்து அளந்துக்கலாம்ல?"

அண்ணன் அணைந்த திரையைப் பார்த்தார். பிறகு டிராயரில் டேப்பைத் தேடினார். "நீயும் வா" என்றார் என்னிடம்.

டிரைவர் வீட்டில் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். அவர் அளவு சொல்லச் சொல்லக் குறித்தேன். சமையலறைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்தச் சுவரு இங்க வராதே. நான் ரெண்டடி அந்தப் பக்கம்ல போட்டிருந்தேன்?"

"கட்டும்போதே மேஸ்திரி தள்ளி வெச்சுட்டாரு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல" என்றார் டிரைவர்.

அண்ணன் உள்ளங்கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். டிஸ்க்கில் இருந்த பிளானை நம்பி வரைந்திருந்தால், மாடிச் சுவர் அந்தரத்தில் நின்றிருக்கும்.

"டேப் தொங்குது பாரு, இழுத்துப் பிடி" என்றார்.

இழுத்துப் பிடித்தேன்.

"ஒன்பதடி நாலு."

எழுதிக்கொண்டேன். அவர் அடுத்த சுவருக்குப் போனார்.