சின்னவனுக்கு அவித்த மீன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நாவற்குடாவில் வாவிக்கரையோரம் இருந்த அந்தச் சிறிய மிருகக்காட்சிச்சாலையில் கூடு கழுவித் தீனி போட்ட காலம் முழுக்க நான் ஏசாத ஆள் கிடையாது. குரங்குக்குச் சிகரெட் நீட்டுகிறவனை ஏசுவேன். முதலைக்குக் கல்லெறிகிறவனை அடிக்கவே போவேன். புஸ்பத்தை மட்டும் என்னால் ஏச முடிந்ததில்லை.

முதல் நாள் ஏசத்தான் போனேன். வாகரைச் சனமெல்லாம் ஷெல்லடிக்குள்ளால் நடந்து வந்து முகாம்களில் ஒதுங்கிய நேரம் அது. முகாமில் மிருகங்களுக்கு இடமில்லை என்று ஆளாளுக்கு எங்கள் வாசலில் கொண்டுவந்து தள்ளினார்கள். கிளி, முயல், நொண்டி மான், மயில். எல்லோரும் சொன்னது ஒரே சொல்: "ஊருக்குப் போகக்குள்ள வந்து எடுக்கம்." இவளும் ஒரு பெரிய மூடிய கூடையோடு வந்து நின்றாள்.

"இதென்ன, மிருகங்களுக்கும் அகதி முகாமா?" என்று கத்தினேன்.

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கொடுப்புலி! வாவியோரக் கண்டல் காட்டுக்குள் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடித்துத் தின்னும் காட்டுப் பூனை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே கண்ணால் கண்டது அருமை. இதுவோ பழைய சேலைத் துண்டில் சுருண்டு கிடந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, நெற்றியில் மைப்பொட்டு.

"நாவூறு படும் எண்டு வைச்ச அண்ண. பேர் சின்னவன்," என்றாள்.

கதை பிறகுதான் வந்தது. சுனாமி அவள் புருஷனைக் கொண்டுபோனது. உடல் கிடைத்தது, செத்தவருக்குச் செய்யும் முப்பத்தொன்றாம் நாள் சடங்கையும் செய்து முடித்தாள். அந்த நாட்களில்தான் ஒரே மகன் யதுர்ஷன், அலை குவித்துவிட்டுப் போன குப்பைக்குள் கண் திறக்காத இந்தக் குட்டியைக் கண்டெடுத்தான். அன்று முதல் அவன் பெரியவன், இது சின்னவன். மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். தண்ணீர்ப் பக்கம் தலை திருப்பினாலே புஸ்பம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள். கடல் ஆளெடுத்த வீடல்லவா? மீன்பிடிக்கப் பிறந்த பிராணி சிரட்டைத் தண்ணீருக்குப் பயந்து வளர்ந்தது.

பிறகு பெரியவனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. "சின்னவனப் பாத்துக்கங்கம்மா, நான் வந்துருவன்" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொன்னானாம்.

முகாமிலிருந்து வெளியே வந்தபின் புஸ்பம் காத்தான்குடியில் ஒரு கைத்தறிச் சாலையில் நூல் சுற்றினாள். கிழமைக்கொரு தடவை, வெள்ளிக்கிழமையில், தகரப் பேணிக்குள் அவித்த மணலை மீனோடு வருவாள். கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து முள் எடுப்பாள். சின்னவன் கம்பிக்குள்ளால் அவள் விரலை நக்குவான்.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. வன்னியிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் பெரியவனைப் பற்றி ஓடி ஓடிக் கேட்டாள். கண்டவரும் இல்லை, செத்தான் என்றவரும் இல்லை. சொந்தக்காரர்கள் முப்பத்தொன்றைச் செய்துவிடச் சொன்னார்கள். என்னிடம் வந்து பொரிந்தாள்.

"சின்னவன் இஞ்சதானே கிடக்கான்! பெரியவன்ட சாமான அவன் வந்து கேப்பான். உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஆரும் படையல் வைப்பாங்களா அண்ண?"

பெற்ற மனம் பித்து என்பார்கள்.

அடுத்த வருடம் மிருக வைத்தியர் தனுஷியா வந்தார். எதை வைத்திருப்பது, எதை அனுப்புவது என்று முடிவெடுக்க அவரை அனுப்பியிருந்தார்கள். மயிலைக் காட்டினேன், குரங்கைக் காட்டினேன்.

"ஊரெல்லாம் திரியிற மயிலுக்குக் கூடு எதுக்கு ஐயா? அழிஞ்சு போறதைக் காப்பாத்திப் பெருக்கினாத்தான் இது மிருகக்காட்சிச்சாலை. சும்மா பூட்டி வைச்சா அதுக்குப் பேர் சிறைச்சாலை," என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனாலும் நியாயம் அவர் பக்கம்தான். சின்னவன் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். தெற்கே ஒரு பெரிய விலங்குப் பூங்காவில் பெண் கொடுப்புலி ஒன்று சோடியில்லாமல் இருக்கிறதாம்.

"இது வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தது," என்றேன்.

"பழகிரும்," என்றார். "ஆனா அந்த அம்மாவிட்டக் கேக்காமக் கொண்டுபோக மாட்டன்."

வெள்ளிக்கிழமை புஸ்பம் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குட்டி போடுமா?"

"அதுக்குத்தான் அம்மா கொண்டுபோறம்."

கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "என்ட வீட்டில ஒருத்தனாவது புள்ள குட்டியோட இருக்கட்டும். கொண்டு போங்க."

சின்னவனை ஏற்றிய வான் வண்டி போனபின் என்னிடம் சொன்னாள்: "பெரியவன்ட சாமான அவனக் கேக்காமக் குடுத்துட்டன். அப்ப அவன் வரமாட்டான் எண்டு என்ட மனமே சொல்லிட்டுதானே?" அடுத்த கிழமை வாவிக்கரையில் முப்பத்தொன்றைச் செய்தாள். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையை மடித்து வைத்து, அதற்கு முன்னால் சோறும் மணலைக் குழம்பும் படைத்தாள். நானும் போயிருந்தேன். பாழாய்ப்போன அந்தச் சட்டையைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் வரவில்லை.

மாரி மழை விட்டபோது அதே வான் திரும்பி வந்தது. தனுஷியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார். பெண் பூனையைக் கண்டால் சின்னவன் மூலையில் ஒளிகிறானாம். குளத்தில் இறங்குவதில்லை, உயிர் மீனைத் தொடுவதில்லை. ஆள் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் கதவடிக்கு ஓடி வருகிறானாம்.

"தன்னை ஒரு மனிசன் எண்டுதான் நினைச்சிட்டிருக்கான் ஐயா. பிழை என்னில. நீங்க சொல்லக்குள்ளயே கேட்டிருக்கோணும்," என்றார்.

ஏச வேண்டிய இடம் அதுதான். நானோ பழைய கூட்டைத் திறந்து அவனை உள்ளே விட்டேன்.

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. அந்தி சாயமுன் புஸ்பம் பேணியோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சின்னவன் மெலிந்து எலும்பாகியிருந்தான். அவளைக் கண்டதும் கம்பியோடு முகத்தை வைத்து உரசினான். அவள் குந்தியிருந்து முள் எடுக்கத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது.

"போனவன் திரும்பி வந்துட்டான், பாத்தீங்களா அண்ண," என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப பெரியவனும் வருவானோ? ஐயோ, நான் அவனுக்குப் படையல் வைச்சிட்டனே!"

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனேன். சின்னவன் மீதி மீனுக்காக அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தான்.