கம்பளிக்குள் கொதித்த பிள்ளை

நான் ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளியின் மனைவி. போன ஐப்பசியில், என் மகளுக்கு இரண்டு மாதமாகியிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். மழை தூறியதும் அவர் ஜன்னலைச் சாத்தி, குழந்தையைத் தலையோடு கம்பளியால் சுற்றி, தொட்டிலுக்கடியில் கரித்தணல் சட்டியும் வைத்தார்.

“மதினி, இம்புட்டு வேண்டாமே” என்றேன்.

“நாலு பெத்து வளத்தவ நான். நீ போயித் துணிய அலசு” என்றார்.

எதிர்த்துப் பேசத் துணியாமல் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது குழந்தையின் முகம் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. தட்டியும் கண் திறக்கவில்லை. கம்பளியை உருவி எறிந்துவிட்டு அவளை வாசலுக்குத் தூக்கி ஓடினேன். காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் வீறிட்டு அழுதாள். நாத்தனாரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன்.

சாயங்காலம் என் கணவர், “அக்கா நல்லதுக்குத்தான செஞ்சாவ? அவியள ஏன் ஏசுன?” என்று என்னையே கோபித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை செத்திருந்தாலும் நல்லதுக்குத்தான் என்பாரா? அவர்கள் இருவர் மேலும் இருந்ததைவிட, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போன என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

இப்போது பிள்ளை தூங்கும் அறையில் தணல் வைக்க யாரையும் விடுவதில்லை. மெல்லிய பருத்தித் துணி போர்த்தி, அடிக்கடி பிடரியில் கை வைத்துப் பார்க்கிறேன். வியர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுகிறேன். நாத்தனார் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.