கண்ணாடி போட்ட முகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆட்களின் முகத்தை நேரே பார்த்துப் பேசவே கூசுவேன். அப்படிப்பட்ட நான் தாளில் முகங்களைப் படமாய்க் கீறப் பழகினது, எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் சிஸ்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் நடத்திய வகுப்பில். என் புருஷனின் தங்கச்சியான மச்சாளும் கூட வந்தாள்.

மாதா திருநாளுக்கு ஆளுக்கொரு படம் வைக்க வேண்டும் என்றார் சிஸ்டர். பாட்டுக்குழுப் பிள்ளை ஒருத்தியைப் பூசை முடிந்த கையோடு யன்னலடியில் இருத்தினோம். தலையில் வெள்ளை முக்காடு. பிள்ளை ஐந்து நிமிஷம் ஆடாமல் இருக்கவில்லை. சிஸ்டர் போனில் படம் எடுத்து, எனக்கும் மச்சாளுக்கும் ஒரே படத்தில் ஒவ்வொரு பிரதி தந்தார். எனக்கு அது வசதி. படத்தை எவ்வளவு நேரமும் உற்றுப் பார்க்கலாம், அது திரும்பிப் பார்க்காது.

மூன்று கிழமை மினக்கெட்டேன். உதட்டுக்குக் கீழே நாடியில் கிடந்த சின்ன மச்சத்தைக்கூட விடவில்லை. மச்சாளோ வெள்ளைப் பாஸ்டல் கட்டி முடிந்துபோச்சென்று முக்காட்டை நீலத்தால் தீட்டினாள். மச்சமே இல்லை. ஆனாலும் சிஸ்டர் அவளின் படத்துக்கு முன்னால்தான் கூடநேரம் நின்றார். எனக்கு வயிறு எரிந்தது.

பாஸ்டல் சோக்கட்டியைப் போலத்தான், விரல் பட்டால் நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படத்துக்குச் சட்டமடித்துக் கண்ணாடி போடச் சொன்னார் சிஸ்டர். திருநாளுக்கு முதல்நாள் மச்சாள் வந்தாள்.

"மச்சாள், உம்மட்டைக் கண்ணாடி ஒண்டு இருக்குமோ? பழைய சட்டம் எண்டாலும் காணும்."

"ஒண்டுதான் கிடந்தது. என்ரைக்குப் போட்டிட்டன்."

அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

திருநாளன்று அல்லைப்பிட்டியில் இருந்து வந்த ஒரு வயசான பெத்தாச்சி மச்சாளின் படத்தில் மாதாவின் நீல முக்காட்டைக் கண்டதும் நின்றா. கன்னத்தைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றிக் கொஞ்சினா. சுரூபம் கண்டாலும் படம் கண்டாலும் எங்கள் சனம் அப்படித்தான். பின்னால் வந்தவர்களும் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே நின்றது.

மச்சாள் பதறிப்போனாள். "ஆச்சி, அது மாதா இல்லையணை. எங்கடை பாட்டுக்குழுப் பிள்ளை."

"ஆரெண்டால் என்ன மோனை. மாதாவின்ரை முகமெல்லோ."

"உங்கடை சொண்டிலை மாதாவின்ரை கன்னம் கிடக்கணை" என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. பெத்தாச்சி சொண்டைத் துடைக்கவில்லை.

என் படத்தடியில் நான் தனியே நின்றேன். அந்தப் பாட்டுக்குழுப் பிள்ளை வந்தாள். "அன்ரி, மச்சம்கூட அப்பிடியே இருக்கு. அச்சொட்டா நான்தான்" என்றாள். எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. பிறகு அவள் போய் அந்த வரிசையில் நின்று, தன் முகத்தையே தொட்டுக் கொஞ்சினாள்.

பின்னேரம் மச்சாளின் தாளில் நீல முக்காடு மட்டும் மிச்சம். முகம் இருந்த இடம் வெறும் மண்ணிறப் புகை. இப்ப அழுவாள் என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகவே நின்றேன். அவள் தாளைச் சுருட்டாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"நல்லகாலம் மச்சாள், உம்மட்டைக் கண்ணாடி இல்லாமல் போனது."

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து என் படத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். அவ்வளவு சனம் வந்து போன இடம். கண்ணாடியில் ஒரு விரலடையாளம்கூட இல்லை. சட்டத்தின் ஆணிகளை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினேன். பிள்ளையின் கன்னத்துக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனேன். மூன்று கிழமை வேலை. மனம் வரவில்லை. கண்ணாடியைத் திரும்பவும் போட்டுவிட்டேன்.