நீர் வடியும் வரை

எங்கள் சோதனைக்கூடத்துக்குள் காலை ஏழு மணிக்கு முதலில் நுழைவது குடலக்காவும் ஒரு வாளிக் குடலும்தான். இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றிக் குடலைப் பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவருவார். குளிரறைக்குப் பக்கத்திலுள்ள தொட்டியில் கொட்டி, உள்ளும் புறமும் அலசி, விரல் நுனியால் தடவிப் பார்த்துத் தடித்தது, நடுத்தரம், மெல்லியது என்று மூன்று தட்டுகளில் பிரித்துவைப்பார். நாங்கள் பிறகு அளவெடுத்துப் பார்த்தால் அவர் விரல் சொன்னதைத்தான் கருவியும் சொல்லும்.

பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. ஒருமுறை அலுவலகத்திலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித் தேடிவந்தவரை, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று நாங்களே திருப்பி அனுப்பிவிட்டோம். குடலக்கா தொட்டியில் கைவைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, இங்க இல்ல," என்று அவரும் சேர்ந்து சொன்னார். வந்தவர் போன பிறகுதான் சிரித்தார்.

எங்கள் நிறுவனம் செய்வது ஒரு ஸ்டேப்ளர். காகிதத்துக்கு அல்ல, மனித உடலுக்கு. வயிற்றைக் கிழிக்காமல், விரல் நுழையும் அளவு துளைகள் போட்டு அறுவை செய்யும்போது, அந்தத் துளை வழியாக இது உள்ளே போகும். சுண்டுவிரல் தடிமனில் நீண்ட குழாய். நுனியில் முதலையின் வாய்போல் இரண்டு தாடைகள். குடலைக் கவ்வி, கைப்பிடியை அழுத்தினால் இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசையாகக் குட்டிக் கம்பிப் பின்கள் இறங்கும். நடுவில் ஒரு கத்தி ஓடிக் குடலை வெட்டும். வெட்டிய இரண்டு முனைகளும் அந்தக் கணமே மூடியிருக்கும். மூடியிருக்க வேண்டும். அதைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை. பின் அடித்த குடலுக்குள் நீலத் தண்ணீரைச் செலுத்தி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்போம்.

குடலக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. இங்கே வருவதற்கு முன் பத்து வருடம் ஒரு இறைச்சிக் கடையில் குடல் கழுவி, முனைகளை நூலால் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுவ ஆள் வேண்டும் என்றுதான் நிறுவனம் அவரை எடுத்தது. இரண்டாவது மாதம் ஸ்டேப்ளர் அடிக்கிறவர் கையை முறித்துக்கொள்ள, "நீங்க கொஞ்சம் பிடிங்கம்மா" என்று மேலாளர் சொன்னார். அன்று பிடித்ததுதான். நான்கு வருடத்தில் அவர் கையால் அடித்த சோதனைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு, கசிந்தவை பதினொன்று.

ஆனாலும் அவர் ஒப்பந்தப் பணியாளர்தான். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, பிறகு புதிதாகச் சேர்ந்தவரைப்போல மறுபடி படம் எடுத்து அடையாள அட்டை. பழைய அட்டைகளை அவர் எறியவில்லை. நான்கையும் வரிசையாக வைத்துக் காட்டி, "இதுல பல்லு தெரிய சிரிச்சிருக்கேன், இதுல பாதி, இதுல உதடு மட்டும், இதுல அதுவும் இல்ல. அடுத்ததுல முறைச்சிருவேன்," என்றார்.

நிரந்தரம் வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் இருக்கும் காரணங்கள் அவருக்கும் இருந்தன. கூடவே ஒன்று இருந்தது. நிரந்தரப் பணியாளர்களை மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப்போவார்கள். அறுவை அரங்குக்குப் பக்கத்து அறையில் பெரிய திரை இருக்கும். உள்ளே எங்கள் கருவி வேலை செய்வதை அதில் பார்க்கலாம். போய் வருகிற ஒவ்வொருவரையும் குடலக்கா வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார். நான் போய்வந்த அன்று என்னையும் கேட்டார். சிவப்பாக இருந்தது என்றேன்.

"சிவப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் படிச்சிட்டு வந்து சிவப்பா இருந்துச்சுங்கிறியே, பட்டதாரி. கவ்வும்போது சுருங்குச்சா? வழுக்குச்சா? பக்கத்துல இருக்கறது ஒதுங்குச்சா?"

இவற்றில் எதையுமே நான் கவனித்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். எழுதிவைத்ததைப் படிக்கத் தெரியும். பார்க்கத் தெரியுமா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

நான் சேர்ந்த ஆறாவது மாதம், குடலக்காவின் பெயர் நிரந்தரப் பட்டியலுக்குப் போனது. மேலாளரே பரிந்துரைத்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை நேர்காணல். அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைத் தாள்களும் கோப்பாகக் கட்டப்பட்டு மேலாளர் மேசையில் இருந்தன.

அதே வாரம் ஓர் இயந்திரம் வந்தது. ஸ்டேப்ளரை அதில் பொருத்திவிட்டால் தானே கவ்வி, தானே அடிக்கும். ஆளுக்கு ஆள் கை வித்தியாசம் இருக்காது என்பதற்காக வாங்கினார்கள். அதைப் பொருத்திய பொறியாளர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுபவர், இது லீவு கேட்காது என்று குடலக்காவைச் சீண்டினார். குடல் கழுவுமா என்று மட்டும் குடலக்கா கேட்டார்.

இயந்திரம் முப்பது முறை அடித்தது. ஒன்பது கசிந்தன.

முதலில் பின்களைச் சந்தேகித்தார்கள். பிறகு கத்தியை. பிறகு, யார் ஆரம்பித்தார்களோ, குடல் பழையதாக இருக்கும் என்ற பேச்சு கிளம்பியது. குடலக்கா மறுநாள் காலை ஒரே குடலை எல்லோர் முன்னாலும் இரண்டாக வெட்டினார். ஒரு பாதி இயந்திரத்துக்கு, மறுபாதி தன் கைக்கு. அவர் அடித்தது தாங்கியது. இயந்திரம் அடித்த இடத்தில் நீலத் தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது. இப்படி ஐந்து முறை. ஆக, கோளாறு இயந்திரத்தில் என்று முடிவானது. அதைத் திருப்பி அனுப்புவது, கைச்சோதனையை நம்பி ஸ்டேப்ளர் பெட்டிகளின் முதல் தொகுதியைச் செவ்வாய்க்கிழமை புதிய மருத்துவமனைகளுக்கு அனுப்புவது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

எல்லோருக்கும் நிம்மதி. குடலக்கா மட்டும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, இன்னொரு தடவை ஓட்டிக்காட்டு என்றார். ஓட்டினேன். தாடை மூடியது, மூடிய கையோடு பின் இறங்கியது. மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை தலையைச் சாய்த்துத் தாடையின் ஓரத்தையே பார்த்தார்.

"தண்ணி இன்னும் வடியவே இல்ல. அதுக்குள்ள அடிக்குது."

என்ன தண்ணி என்று கேட்டேன். தன் கையால் ஒன்றைக் கவ்விக் காட்டினார். தாடையின் விளிம்பில் ஈரம் துளிர்த்து, துளியாகத் திரண்டு, சொட்டியது. சொட்டுவது நின்றது. அதன் பிறகுதான் அவர் விரல் கைப்பிடியை அழுத்தியது. குடல் சுவர் நீர் ஊறியது. கவ்வினால் நீர் விலகிச் சுவர் மெலியும். மெலிந்த பிறகு இறங்கும் பின்தான் முழுதும் ஊடுருவி மறுபக்கம் மடங்கும். இறைச்சிக் கடையில் நூல் கட்டும்போதும் இப்படித்தானாம். நசுக்கிப் பிடித்து, நீர் வடிந்த பிறகு முடிச்சு. உடனே கட்டினால் சற்று நேரத்தில் முடிச்சு தொளதொளத்துவிடும். ஆக, ஸ்டேப்ளரைக் கையில் கொடுத்த முதல் நாளிலிருந்தே, யாரும் சொல்லாமல், அவர் அப்படி நின்றிருக்கிறார்.

நான் விநாடி பிடித்தேன். நடுத்தரக் குடலுக்குப் பதினாறு. மெல்லியதற்கு ஒன்பது. தடித்ததற்கு இருபத்திரண்டு. அவர் எண்ணுவதே இல்லை. பார்க்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் சோதனைத் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: கவ்வவும், அடிக்கவும், திறக்கவும். பெட்டிக்குள் வைக்கும் செய்முறைத் தாளிலும் அதே மூன்று. நிற்கவும் என்று எங்குமே இல்லை. இயந்திரம் தாளில் உள்ளதைச் செய்தது. குடலக்கா தாளில் இல்லாததைச் செய்தார். நாங்கள் நான்கு வருடமாகச் சோதித்தது எங்கள் ஸ்டேப்ளரையா, குடலக்காவின் பொறுமையையா?

எனக்குப் புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இதைச் சொன்னால் அந்த அறுநூற்றுப் பன்னிரண்டும் செல்லாது. அவை போனால் வியாழக்கிழமையும் போகும்.

நான் சொன்னதை இங்கே மறைப்பதற்கில்லை. "வியாழக்கிழமை முடியட்டும்க்கா. அப்புறமா சொல்லிக்கலாம்," என்றேன்.

"பெட்டி செவ்வாய்க்கிழமையே போகுதே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். என் மனம் உறுத்தியது. அவர் என்ன முடிவு செய்தார் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சமையல் மேடைமேல் அமர்ந்து மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூவரும் இதைப் பற்றி ஏற்கெனவே பேசித் தீர்த்திருந்தார்கள் என்பது, நான் வாயைத் திறந்ததும் யாரும் 'எது' என்று கேட்காததில் தெரிந்தது.

கணவர் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பிரேக்ல சந்தேகம்னா நான் வண்டிய வெளிய விடமாட்டேன். ஹாரன்னா விட்ருவேன். இது பிரேக்கா ஹாரனானு உனக்குத்தான் தெரியும்."

"அம்மா, நீ ஏன் முன்னாடியே எழுதல?" என்று மகள் கேட்டாள்.

"மூணு கட்டம்தாண்டி இருந்துச்சு. நாலாவதா ஒண்ணு இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் மிஸ் ஓரத்தில் எழுதச் சொல்வார்களே என்றாள். குடலக்கா அவள் கணக்கில் ஒரு தப்பைத் தொட்டுக்காட்டினார்.

திங்கட்கிழமை காலை வாளியை இறக்கிவைத்த கையோடு மேலாளர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். முழுதும் கேட்ட மேலாளர் கோப்பின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்களுக்கு ஆலோசனை சொல்லும் அறுவை மருத்துவரை ஸ்பீக்கரில் அழைத்தார்.

கவ்வியதும் கொஞ்சம் நிற்பது வழக்கம்தான், கைப்பழக்கத்தில் எல்லோருக்கும் தெரியுமே என்று மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் தாளில் அது இல்லை என்றார் மேலாளர்.

"உங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லல," என்றார் மருத்துவர்.

"நீங்க சொல்லலைங்கறதால நாங்க கேக்கல, டாக்டர்."

"எவ்வளவு நேரம் நிக்கிறீங்கன்னு என்னைக் கேட்டாலும் எனக்கே சரியாச் சொல்லத் தெரியாது. புதுசா அடிக்கிறவர் தாளைத்தான் பாப்பாரு. பெட்டிய நிறுத்துங்க."

பெட்டிகள் நின்றன. தாள்கள் ரத்தாயின. எவ்வளவு நேரம் நின்றார் என்று பதிவில்லாத சோதனை சோதனையே இல்லை. அதில் மேலாளருக்கு வேறு வழியும் இல்லை. ரத்தான சோதனைகளைக் காட்டி நிரந்தரம் கேட்க முடியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த பட்டியல் நான்கு மாதம் கழித்து.

சொன்னால் போகும் என்று தெரிந்துதான் சொன்னார். ஆனாலும் போனபோது வலித்தது. இரண்டு நாள் எது கேட்டாலும் "ம்" மட்டும்தான். தாள்களில் சிவப்புக் கோடு போடும் வேலை என்னிடம் வந்தது. மூன்றாம் நாள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "நான் அடிச்சது, நானே அடிக்கிறேன்," என்றார். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கோடு போட்டார். இடையில் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்து, இது மகளுக்கு அம்மை போட்டிருந்த நாள் என்றார். சாயங்காலம் வரை ஆனது.

பிறகு புதிய சோதனைகள் தொடங்கின. நின்று அடிப்பதில் இருநூற்று நாற்பது, நிற்காமல் அடிப்பதில் இருநூற்று நாற்பது. இரண்டையும் குடலக்காவே அடிப்பதாகத்தான் ஏற்பாடு. நிற்காமல் அடிப்பது அவரால் முடியவில்லை. கவ்வியவுடன் அடிங்க என்று நான் பக்கத்திலிருந்து சொல்வேன். கை அப்படியே நின்றுவிடும். "கண்ண மூடிக்கிட்டு அடிக்கட்டுமா?" என்று கேட்டார். மூடிக்கொண்டும் நின்றார். கடைசியில் அந்தப் பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்தோம். திருப்பி அனுப்பக் கட்டிவைத்திருந்த பெட்டியைக் கண்ணாடிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். நிற்காததில் ஐம்பத்தெட்டு கசிந்தன. நின்றதில் மூன்று. சோதனைத் தாளிலும் செய்முறைத் தாளிலும் நாலாவது கட்டம் ஒன்று வந்தது. எத்தனை விநாடி என்பது குடலின் தடிமனை வைத்து அட்டவணையாக.

இரண்டாவது பட்டியலுக்கான நேர்காணல் நான்கு நிமிடம்கூட நடக்கவில்லை. வெளியே வந்த குடலக்காவிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். எழுதாமல் விட்டது தப்பில்லையா என்று ஒருவர் கேட்டாராம். தப்புதான், ஓரத்தில் எழுதியிருக்கலாம் என்று தன் பெண்கூடச் சொன்னதாக இவர் பதில் சொன்னாராம். அவ்வளவுதான், நிரந்தரமாக்கிவிட்டார்கள். புதிய அட்டைக்கான படத்தில் அவர் முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருப்பவர்போல் இருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். பக்கத்து அறையில் நாற்காலியைத் திரைக்கு முழங்கால் இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் குடல் வந்தது. அது மெதுவாக, யாரும் தொடாமலே, ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு நெளிந்தது.

"தானா நெளியுது," என்றார் மிகத் தாழ்ந்த குரலில். பதினான்கு வருடத்துக்கு மேல் குடலோடு இருந்தவர்.

ஓரத்திலிருந்து எங்கள் ஸ்டேப்ளர் நுழைந்தது. தாடை திறந்து, குடலைக் கவ்வி, மூடியது. அவர் உதடு லேசாக அசைந்தது. விளிம்பில் ஈரம் பளபளத்தது. மருத்துவர் நின்றார்.

"இப்ப," என்றார் குடலக்கா.

மருத்துவர் அடிக்கவில்லை. இன்னும் நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் அட்டவணை சொன்னதைத் தாண்டி ஏழெட்டு விநாடி போயிருக்கும். பிறகுதான் பின் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

"ஏன் இன்னும் நின்னாரு?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "ரத்தம் ஓடுறதாலயா? சூடா இருக்கறதாலயா? நம்ம குடல் ஐஸ்ல இருந்து வருது. அப்ப நம்ம அட்டவணை..." பாதியில் நிறுத்தி, என் பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் அவரே எடுத்துக்கொண்டார். பக்கத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

அறுவை முடிந்து எங்கள் வண்டி கிளம்பக் காத்திருந்தது. குடலக்கா அரங்கின் வெளிக்கதவுக்கு எதிரே நோட்டோடு நின்றிருந்தார். வண்டி போனால் போகட்டும், பஸ் இருக்கிறது, டாக்டர் கை கழுவிவிட்டு இந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும் என்றார். நானும் நின்றேன்.