மேல் ரோலர் வளைந்தது யாரால்?

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பட்டறையில் அவளுக்கு ஒரே வேலை. தகடு ரோலிங் மெஷினுக்குள் போவதற்கு முன், அதை உருட்டித் தொட்டியின் உடலாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. தடிமன் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அகலம், இரும்பின் வலிமை, ரோலர்களின் இடைவெளி எல்லாம் அதோடு சேரும். எல்லோரும் 'கணக்கு அக்கா' என்பார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் 'உதவியாளர்'.

அந்த வாரம் இருபது மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை உருட்டும்போது மேல் ரோலர் நடுவில் வளைந்துபோனது. ரோலரை ஒரேயடியாக இறுக்கிவிட்டார் என்று மெஷின் ஆபரேட்டர் மேல் பழி. மூன்று நாளாக அவரை வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை, வேலை போவது நிச்சயம் என்று பேச்சு. "அவருக்கு நேரம் சரியில்லை" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். நல்ல நேரம் பார்த்து வளையும் இரும்பை எவன் கண்டான்?

வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, தகட்டோடு வந்து மேனேஜர் பீரோவில் கிடந்த சோதனைச் சான்றிதழை அவள் அன்றுதான் வாங்கிப் பார்த்தாள். வலிமை முந்நூற்று நாற்பது. அவள் கணக்கில் இருந்தது இருநூற்றைம்பது, தர அட்டவணையில் உள்ள குறைந்தபட்ச எண். தொட்டியை வடிவமைப்பவருக்கு அந்த எண் போதும். இரும்பின் வலிமை அதற்குக் கீழே போகாது. வளைக்கிறவருக்கோ அதற்கு மேல் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதுதான் தெரியவேண்டும். மெஷின் தாங்குவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து என்று அவள் எழுதியிருந்தாள். உண்மையில் நூற்றுப் பதினாறு.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, மேனேஜர் முன்னால் காகிதத்தை வைத்தாள்.

"சார், அவரு நான் எழுதிக் குடுத்தபடிதான் இறுக்கியிருக்காரு. தப்பு என் கணக்குல."

"உங்கள யாராவது கேட்டாங்களாம்மா? பேசாம இருங்க."

"சர்டிபிகேட்ட எனக்கு அனுப்புங்கன்னு எத்தன வருஷமா கேக்குறேன். உங்க பீரோவுலயே கெடக்குது."

"அப்ப நானும் குத்தவாளியா?"

"பாதி. அதையும் எழுதியிருக்கேன்."

மாலையில் அந்தக் காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் வீட்டு மூன்று மாடிப் படியையும் நின்று நின்று ஏறினாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்கக்கா. என்னைச் சமையல்ல சேத்துட்டாங்க. இங்கயும் ஒரேயடியா நறுக்குறேன்னு வீட்டுக்காரி திட்டுறா."

"கண்ணத் தொடச்சிக்கிட்டு இதப் படிங்க."

படித்தார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"நெசமா நான் அழுத்தலியாக்கா? மூணு நாளா இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"நீங்க எவ்வளவு மெதுவா இறுக்கியிருந்தாலும் ரோலர் வளைஞ்சிருக்கும்."

"இதுல உங்க கையெழுத்து இருக்கே. உங்க வேல?"

"தெரியல. கொஞ்சம் தண்ணி குடுங்க."

திங்களன்று அவர் அந்த நகலை விசாரணை மேசையில் வைத்தார். வேலை தப்பியது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை.